ஹாஜறாவின் மகளை அளந்த கதை

ஹாஜறாவுக்கு வாய் கூட என்று ஊரில் சொல்கிறார்கள். ஓம், கூடத்தான். பத்துப் பன்னிரண்டு வருடமாக அவளோடு ஒரே கூரையின் கீழ் தையல் மெசின் மிதிக்கிற மேர்சியா நான் சொல்கிறேன், அந்த வாய்க்கு முன்னால் நிற்க எனக்கே பயம். ஆனால் அந்த வாய் இல்லாமல் போயிருந்தால் அவளுடைய மகள் நப்லாவைப் படிக்காத பிள்ளை என்று எழுதி ஒரு மூலையில் இருத்தியிருப்பார்கள். இருத்திவிட்டு, பிள்ளையின் நன்மைக்குத்தான் செய்தோம் என்று தேத்தண்ணீரும் குடித்திருப்பார்கள். அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் இதை முழுக்கக் கேட்டுவிட்டு வரட்டும்.

கல்முனைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் கடை. பாடசாலைச் சீருடைதான் தொழில். நான் கத்தோலிக்கப் பெண், ஞாயிற்றுக்கிழமை கடைப்பக்கம் எட்டியும் பார்க்க மாட்டேன். அவள் வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையைப் பூட்டச் சொல்லுவாள். மிச்ச நாட்களில் இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டே தைப்போம். நான் 'சொல்லு' என்பதை அவளுடைய ஆட்கள் 'செல்லு' என்பார்கள், அதற்கும் சண்டைதான்.

அவள் பிறந்தது வரிப்பத்தான்சேனையில். வாப்பா வயல்காரர். யானை இறங்கி வேளாண்மையை மிதிக்க வந்தால் ஆண்கள் வெடி கொளுத்துவார்களாம், இவள் தகரத்தில் அடித்துக் கத்துவாளாம். சாதாரண தரச் சோதனையில் கணக்குப் பாடம் கைவிட்டுவிட்டது. தையல் பழகினாள். கல்யாணத்துக்கு வாப்பா வயலில் ஒரு துண்டை விற்றுக் கல்முனையில் வீடு கட்டிக் கொடுத்தார். எங்கள் கரையில் வீடு பெண்ணின் பெயரில்தான், மாப்பிள்ளைதான் வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தவர் றிஸ்மி. நல்ல மனிதர், குரலே எழும்பாது. இப்போது கட்டாரில் வேலை. பெண் பிள்ளை பிறந்தது என்றதும் பக்கத்து வளவில் அவளுக்கென்று ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டுப் போனார். இங்கே அப்படித்தான், பெண் பிள்ளை தவழ முன்னமே அவளுடைய வீடு எழும்பத் தொடங்கிவிடும்.

அந்தப் பிள்ளைதான் நப்லா. நான் சொல்கிற காலத்தில் அவளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. காதால் கேட்டதை விடமாட்டாள். வானொலியில் போன செய்தியைப் பின்னேரம் கேட்டால் வரி பிசகாமல் சொல்லுவாள். ஆனால் கொப்பியைத் திறந்தால் முகம் கறுத்துவிடும். எழுத்துக்குக் கொம்பு போட வேண்டிய இடத்தில் காலைப் போடுவாள். ஒரு வரியை வாசிக்கத் தொடங்கி, முதல் சொல்லிலேயே வியர்த்து, கடைசியில் தாளைக் கிழித்துவிடுவாள். மற்றப் பிள்ளைகளோடும் ஒத்துப் போகவில்லை. அவர்கள் பகிடிக்குச் சொன்னதை நிசமென்று எடுத்து அழுவாள். ஒருத்தியின் முகம் சுருங்கியிருப்பது தெரியாமல் மீன்பிடி வள்ளங்களைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பாள். வகுப்பாசிரியையிடம் ஒரு நாள், "மிஸ், உங்கட வாய் மணக்குது" என்று சொல்லிவிட்டாள். துணிச்சலில் சொன்னதல்ல. கெட்ட மணம் வந்தது, சொன்னாள். அதற்கு அடி விழுந்தது.

நாலு வருடமாக அடிதான் வைத்தியம். சோம்பேறி என்று அடித்தார்கள், திமிர் என்று அடித்தார்கள். ஓதின தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். ஹாஜறா அதைத் தடுக்கவில்லை. "குடிக்கட்டும் அக்கா, கெடுதி ஒண்டும் இல்ல. ஆனா எண்ட புள்ளைக்கு என்ன எண்டு எனக்குத் தெரியோணும்" என்றாள்.

இந்த இடத்தில் அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணன் பதியுதீனைச் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் வகுப்பில் எழுதுகிற புலமைப்பரிசில் சோதனைக்கு டியூசன் வகுப்பென்றால் எங்கள் கரையில் பதியுதீன் சேர்தான். நீளமான தகரக் கொட்டில், நெருக்கியடித்த வாங்குகள், வாசலில் சித்தியடைந்த பிள்ளைகளின் படங்கள் போட்ட பெரிய பனர். இந்தச் சோதனைக்குப் பிள்ளைகளைக் காய்ச்சி வடிக்கிற ஊர் இது. பிள்ளை பாஸ் என்றால் வீட்டுக்கு வீடு இனிப்பு போகும், பெயில் என்றால் வீட்டுக் கதவே திறக்காது. சொந்தத் தங்கச்சியின் மகள் ஒரு வரி வாசிக்க முடியாமல் திக்குவது பதியுதீன் சேருக்கு எவ்வளவு பெரிய சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

நாலாம் வகுப்பின் கடைசித் தவணையில் பாடசாலை அதிபர் ஹாஜறாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"அடுத்த வருசம் இவளப் புலமைப்பரிசில் வகுப்புல வெச்சிருக்க ஏலாது. பாடசாலைட சித்தி வீதம் இறங்கிரும். விசேட பிரிவு இரிக்கிற பாடசாலைக்கு மாத்துவம். ஆஸ்பத்திரியில ஒரு கடிதம் எடுத்துட்டு வாங்க, மிச்சத்த நான் பாக்கன்" என்றார்.

"என்ன கடிதம் சேர்?"

"புள்ளைக்கு மூளை வளர்ச்சி காணாது எண்டு."

யேசுவே! கிழங்கு நிறுத்துத் தா என்பதைப் போலக் கேட்கிறார் மனிதன். எனக்கு உடம்பெல்லாம் பற்றியது. ஹாஜறா எழும்பி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "பாக்கச் சொல்லித்தான் போவன். என்ன எழுதோணும் எண்டு நீங்களும் செல்லேலா, நானும் செல்லேலா" என்றுவிட்டு வெளியே வந்தாள். மகள் தன் வகுப்பில் இருப்பாளா, வெளியே தள்ளப்படுவாளா என்பது இனி அந்தப் பரிசோதனையில் இருந்தது.

பரிசோதனை என்றால் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டதுமே குடும்பம் கூடிவிட்டது. ஹாஜறாவின் சாச்சி, தாயின் தங்கச்சி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பொம்புளப் புள்ளைய அந்த வாசலுக்குக் கொண்டு போனா, நாளைக்கு ஆர் மாப்பிள்ளை பேசி வருவான்?" என்று கேட்டார்.

"வராட்டிப் போகட்டும் சாச்சி. வீடு அவட பேர்லதானே கட்டுறம். அவளே அதுல ராணியா இரிக்கட்டும்" என்றாள் ஹாஜறா.

சொந்தக்காரர் ஒருவரும் கூட வரவில்லை, யாராவது கண்டுவிடுவார்களாம். அதனால் நான் போனேன். என்னை யார் கண்டால் எனக்கென்ன?

அங்கே இருந்தவர் சிவக்கொழுந்து மிஸ். மட்டக்களப்பிலிருந்து வந்துபோகிற உளவியலாளர். ஊசியும் இல்லை, மருந்துத் துண்டும் இல்லை. முதல் நாள் நப்லாவைத் தொடவேயில்லை, ஹாஜறாவோடுதான் கதைத்தார். பிள்ளை எப்போது நடந்தது, எப்போது கதைத்தது, காய்ச்சலில் வலிப்பு வந்ததா, காது பார்த்ததா, கண் பார்த்ததா, எதற்குச் சிரிப்பாள், எதற்குப் பயப்படுவாள். நாலு வருடத்தில் நப்லா எதற்குச் சிரிப்பாள் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். ஹாஜறா பதில் சொல்ல முன்னம் அழுதுவிட்டாள்.

"அம்மா, இது பாஸ் பெயில் சோதனை இல்ல" என்று மிஸ் விளங்கப்படுத்தினார். "வாசிக்கிறது ஒரு வேலை எண்டு நாம நினைக்கிறம். உள்ளுக்குப் பல வேலை நடக்குது. சத்தத்தப் பிரிக்கோணும், எழுத்த ஞாபகம் வெச்சிருக்கோணும், கவனம் நிக்கோணும், கை ஓடோணும். இதுல எது நல்லா ஓடுது, எது இறுகிக் கிடக்கு எண்டு தனித்தனியாப் பாப்பம். மத்தாக்களோட பழகுறதும் அப்பிடித்தான். ஒண்டு மட்டும் கேக்கன். ஒண்டையும் சொல்லிக் குடுக்காதீங்க. வயிறாரச் சாப்பிட்டு, நல்லா நித்திரை கொண்டு வரட்டும், அது போதும்."

ஹாஜறா சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் செய்தது ஒன்றுதான். திகதியை அண்ணனிடம் சொன்னாள். "பின்னேரத்துல புள்ளைய எண்ட வகுப்புக்கு அனுப்பு, மனசு தெம்பா இரிக்கும்" என்று அவர் கேட்க, அனுப்பிவைத்தாள். அண்ணனுக்கு மனம் இளகிவிட்டது என்று சந்தோசப்பட்டு என்னிடமும் சொன்னாள்.

பரிசோதனை நாள் வந்தது. அந்த அறைக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான். நாங்கள் வெளியே வாங்கில் இருந்தோம். உள்ளே கதைப்பது அரையும் குறையுமாகக் கேட்டது. மிஸ் சில இலக்கங்களைச் சொல்லிப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். நப்லா சுடச்சுடச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் நீளமாகச் சொன்னார், அதையும் சொன்னாள். ஹாஜறா என் கையைப் பிடித்து நசுக்கினாள். பிறகு இரண்டு பொருளைச் சொல்லி, இரண்டுக்கும் என்ன ஒற்றுமை என்று மிஸ் கேட்டார். நப்லா பதில் சொன்னாள். சொல்லிவிட்டு நிற்கவில்லை.

"அடுத்தது மேசையும் கதிரையும், தளபாடம். அடுத்தது காகமும் கிளியும், பறவை. அடுத்தது கோவமும் சந்தோசமும், உணர்ச்சி."

மிஸ் பென்சிலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் இன்னும் கேக்கல்லையே மகள்" என்றார் மிஸ்.

"மாமா தந்த ஒழுங்குல கேளுங்க மிஸ். ஒழுங்கு மாறினா எனக்குக் குழம்பும். ஆருக்கும் செல்ல வேணாம் எண்டு மாமா செல்லிரிக்கார். நீங்களும் செல்லாதீங்க."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? பதியுதீன் சேர் எங்கேயோ வலைத்தளத்தில் தேடி இந்த மாதிரிக் கேள்விகளைப் பிடித்திருக்கிறார். கட்டைகளை அடுக்கி மாதிரி அமைக்கிறது, இலக்கத்தைத் திருப்பிச் சொல்கிறது, ஒற்றுமை சொல்கிறது எல்லாவற்றையும் வைத்துத் தனக்குத் தெரிந்தபடியே பிள்ளையைத் தீட்டியிருக்கிறார். புலமைப்பரிசிலுக்குத் தீட்டுவதைப் போல! சோதனை என்று ஒன்று வந்தால் அதற்கு முன்னால் வகுப்பு வைத்தே ஆகவேண்டும் என்ற நோய் இந்தக் கரையில் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. அவருக்கு அது கொஞ்சம் முற்றிவிட்டது.

சிவக்கொழுந்து மிஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் திட்டவில்லை.

"இந்தப் பகுதிய இப்ப கணக்குல எடுக்க ஏலாது. இதுல வாற புள்ளி நப்லாவக் காட்டாது, அவட மாமாட உழைப்பத்தான் காட்டும். ஒரு வருசமாவது போகோணும் திருப்பிச் செய்ய."

"ஒரு வருசமா? இந்தத் தவணையோட புள்ளைய வெளியால போடப் போறாங்க மிஸ்!" ஹாஜறாவின் குரல் உடைந்துவிட்டது. "அப்ப எல்லாம் வீணா?"

"எல்லாம் இல்ல. வாசிப்பு, எழுத்து, கதை கேட்டு ஞாபகம் வைக்கிறது, சத்தத்தப் பிரிக்கிறது, இதெல்லாம் இன்னும் தொடாமக் கிடக்கு. கெட்டுப்போன பகுதிக்கு வேற வகையாப் பாக்கலாமா எண்டு நான் யோசிக்கன். பாடசாலைக்கும் வந்து பாக்கோணும். ஆனா இண்டைக்கு வேணாம். இண்டைக்குப் புள்ள பாடமாக்கினதத்தான் ஒப்புவிக்கிறாள்."

ஆஸ்பத்திரி வாசலில் முச்சக்கர வண்டி பிடித்தோம். வீட்டுக்கு என்று நான் நினைத்தேன். அவள் அண்ணனின் தகரக் கொட்டிலுக்கு விடச் சொன்னாள். உள்ளே வகுப்பு நிறையப் பிள்ளைகள். பதியுதீன் சேர் வெண்கட்டியோடு திரும்பினார். ஆவலாக, "எப்பிடிச் செஞ்சாள்?" என்று கேட்டார். பாவம் மனிதன், உண்மையாகவே பெருமையோடு கேட்டார்.

"எண்ட புள்ளைக்கு என்ன எண்டு பாக்கத்தானே காக்கா கொண்டு போனன்? காய்ச்சல் பாக்கக் கொண்டு போற புள்ளைய ஐஸ் தண்ணியில முக்கி அனுப்பினீங்களே! உடம்பு குளிருது, காய்ச்சல் இல்ல எண்டு அவங்க எழுதினா, புள்ளட காய்ச்சல் போயிருமா?"

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சன் ஹாஜறா. எங்கட குடும்பத்துல ஒரு புள்ளையப் பெயில் எண்டு எழுத விடுவனா?"

"பெயிலும் இல்ல, பாஸும் இல்ல. அத அங்க ஒரு மனிசி எனக்கு விளங்கப்படுத்தினா. நீங்க இத்தின புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்கிறீங்க, உங்களுக்கு விளங்கல்ல. நாளையில இரிந்து நப்லா இஞ்ச வரமாட்டாள்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அன்று முழுக்க அவள் தைத்த தையலெல்லாம் கோணல். நான்தான் பிரித்துத் தைத்தேன். றிஸ்மி கட்டாரிலிருந்து வீடியோவில் வந்து, "காக்காவோட பகைக்காத, விட்டுரு" என்று மெல்லச் சொன்னார். "நீங்க ஒருக்காச் சத்தம் போடுங்க பாப்பம், அதுக்குப் பொறகு நான் விடுறன்" என்றாள் இவள். மனிதன் சிரித்துவிட்டார், அவளும் சிரித்துவிட்டாள்.

மிச்சப் பரிசோதனை அடுத்த கிழமைகளில் நடந்தது. ஒரே மூச்சாக அல்ல. பிள்ளை களைத்தால் நிறுத்துவார்கள், தண்ணீர் குடிக்க விடுவார்கள். மிஸ் பாடசாலைக்கும் வந்து வகுப்பின் பின் வாங்கில் இருந்து பார்த்தார். அதிபருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் கடிதம் வேண்டுமென்று கேட்டவரே அவர்தானே, எப்படி மறிப்பார்? இடைவேளையில் நப்லா மற்றப் பெண் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றாளாம். அவர்கள் விளையாட்டை மாற்றியதை ஒருத்தியும் இவளுக்குச் சொல்லவில்லையாம். இவள் பழைய விளையாட்டையே ஆடிக்கொண்டு நின்றாளாம். இதை மிஸ்தான் எங்களுக்குச் சொன்னார்.

அறிக்கை தருகிற நாளில் மிஸ் அதை மேசையில் வைத்துவிட்டு வாயால்தான் சொன்னார். வேறு வகையாகப் பார்த்ததில் நப்லாவின் புத்தியில் குறைவு இல்லை. காதால் கேட்டு விளங்குவதில் தன் வயதுப் பிள்ளைகளைத் தாண்டி நிற்கிறாள். எழுத்தைச் சத்தமாக்குகிற இடத்தில்தான் இறுக்கம். கண்ணில் பழுதில்லை, சோம்பலும் இல்லை, அந்த வேலை அவளுடைய மூளைக்குக் கடினம். எழுதும்போது கை பிந்துகிறது. மற்றவர்களின் முகத்தையும் குரலையும் பார்த்து மனதை ஊகிப்பது அவளுக்குத் தானாக வராது, வாயால் சொல்ல வேண்டும். இவ்வளவும் இன்று தெரிந்தது, இன்னும் பார்க்க வேண்டியதை ஒரு வருடம் கழித்துப் பார்ப்போம் என்றார். செய்ய வேண்டியதையும் சொன்னார். கேள்வியை வாசித்துக் காட்டுங்கள், நேரம் கூடக் கொடுங்கள், எல்லோருக்கும் முன்னால் எழுப்பி வாசிக்க விடாதீர்கள், எழுத்துச் சத்தத்தை ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். முகம் விளங்காவிட்டால் கேட்கச் சொல்லி நப்லாவையும் பழக்குங்கள்.

"அப்ப இந்த நாலு வருசமும் அவளுக்கு அடிச்சது?" என்று ஹாஜறா கேட்டாள்.

மிஸ் அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். "அடிச்சு வாசிக்க வைக்க ஏலாதம்மா" என்றார்.

ஹாஜறா அன்றைக்கு அழவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நேரே அதிபரிடம் போனோம். அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினார். "அப்ப குறை இரிக்கிதானே. நான் செல்லல்லையா? மாத்துறதுக்கு இதக் காட்டினாப் போதும்" என்றார்.

"மாத்தச் சொல்லி எந்த வரியில கிடக்கு சேர்? வாசிங்க, கேப்பம். எனக்கு அவசரம் இல்ல."

"ஒரு புள்ளைக்கு மட்டும் வேற சட்டம் வெக்க ஏலாது. எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான்."

"நான் இந்தப் பாடசாலைக்குச் சீருடை தைக்கிறவள். நாலாம் வகுப்புப் புள்ளைகள் எல்லாருக்கும் ஒரே அளவுல வெட்டித் தந்தா எடுப்பீங்களா? மெலிஞ்ச புள்ளைக்கும் மொத்தப் புள்ளைக்கும் ஒரே சட்டையா? துணி ஒண்டு, நிறம் ஒண்டு, அளவு வேற. அதுக்கு ஆரும் வேற சட்டம் எண்டு செல்லல்லையே."

"அது சட்டை."

"இது எண்ட புள்ள."

மனிதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துப் போட்டுக்கொண்டு, வேலை இருக்கிறது, பிறகு பார்ப்போம் என்றார். ஹாஜறா அசையவில்லை. "நான் இரிக்கன் சேர், நீங்க வேலையப் பாருங்க" என்று கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தாள். நானும் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள், மணி அடித்தது, தேத்தண்ணீர் வந்தது, எங்களுக்கு வரவில்லை. மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்கிற நேரத்தில் அவர் நப்லாவை வகுப்பிலேயே வைத்திருக்கச் சம்மதித்தார். சோதனைக்கு மேலதிக நேரம் கேட்டு விண்ணப்பிக்கவும் கையெழுத்துப் போட்டார். போடும்போது முகத்தைப் பார்த்தால் விளக்கெண்ணெய் குடித்தவர் போலத்தான். போடட்டும். கையெழுத்துக்கு முகம் தேவையில்லை.

அடுத்த வருடம் லேசாகப் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். வகுப்பாசிரியை சில நாள் கேள்வியை வாசித்துக் காட்டுவார், சில நாள் மறந்துவிடுவார். மறந்த நாளில் நப்லா கொப்பியைக் கிழிப்பாள், அடுத்த நாள் காலையில் ஹாஜறா வகுப்பு வாசலில் நிற்பாள். பின்னேரங்களில் எங்கள் தையல் மேசையில் எழுத்துச் சத்தம் பழகுவார்கள். மணலில் எழுதி, துணியில் நூலால் ஓட்டி, வாயால் சொல்லி. ஒரு நாள் நப்லா கடைத்தெருவில் நின்று ஒரு பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்தாள். அது இறைச்சிக் கடைப் பலகைதான். ஹாஜறா அந்த இடத்திலேயே நின்று அவளைக் கட்டிப்பிடித்தாள், இறைச்சிக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று கத்தியோடு வெளியே ஓடி வந்தார்.

புலமைப்பரிசில் சோதனையை அவள் எழுதினாள். தன் வகுப்புப் பிள்ளைகளோடு போய், அவர்கள் எழுதி முடித்து வெளியே வந்த பிறகும் உள்ளே இருந்து, கொடுத்த மேலதிக நேரம் முடியும் வரைக்கும் எழுதினாள். பெறுபேறு வந்தபோது இருநூற்றுக்கு எண்பத்து மூன்று. சித்தியடைய வேண்டிய வெட்டுப்புள்ளி எங்கேயோ, இவள் எங்கேயோ.

ஹாஜறா பெறுபேற்றைத் திரும்பவும் ஒருக்காப் பார்த்தாள். பிறகு, "அக்கா, ரெண்டு தாளும் எழுதி முடிச்சவள்தானே?" என்று கேட்டாள்.

"ஓம், ஒரு கேள்வியும் விடல்ல எண்டு அவள்தானே சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்ல வராதே" என்றேன்.

எழும்பிப் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள். வட்டிலப்பம் அவிக்கப் போகிறாளாம்! எங்கள் ஊரில் பெறுபேறு நாளில் சித்தியடைந்த வீட்டில்தான் அந்த இனிப்பை அவிப்பார்கள். "உனக்கென்ன விசரா?" என்று கேட்டேன். "ஓம், முட்டைய உடைச்சு ஊத்துங்க" என்றாள். ஊற்றினேன்.

தட்டை ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வீடு போனோம். மூலை வீட்டுப் பெண் கை நீட்டி வாங்கிக்கொண்டு, "மாஷா அல்லாஹ்! எத்தின மார்க்ஸ்?" என்றாள்.

"எம்பத்தி மூணு."

அவளுடைய வாய் திறந்தபடியே நின்றது. "அப்ப... பாஸ் இல்லையா?"

"இல்ல. சாப்பிட்டுப் பாருங்க, ஏலக்காய் கூடிட்டா எண்டு செல்லுங்க" என்றுவிட்டு ஹாஜறா அடுத்த வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நான் எந்தத் தெருவிலும் நடந்ததில்லை.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது பதியுதீன் சேரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தப் படி மிதிக்காதவர் முன் அறையில் நின்றபடி குதித்தார்.

"என்ன விளையாட்டு இது ஹாஜறா? எம்பத்தி மூணுக்கு வட்டிலப்பமா? ஊர் சிரிக்கிது! எண்ட வகுப்புக்குப் புள்ள அனுப்புற ஆக்கள் எனக்கிட்ட வந்து கேக்காங்க. நான் எங்க கொண்டு போய் முகத்த வெக்கிற?"

ஹாஜறா தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இனி வீடு பறக்கப் போகிறது என்று நான் நினைத்தேன். அதற்கு முன்னம் நப்லா உள்ளேயிருந்து ஒரு கிண்ணத்தோடு வந்து மாமாவுக்கு நேரே நின்றாள். அவருடைய முகத்தை அண்ணாந்து பார்த்தாள், ஒரு சொல்லை எழுத்துக் கூட்டுகிறவளைப் போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"மாமா, நீங்க கோவமா, கவலையா? எனக்கு முகத்தப் பாத்து வெளங்கல்ல. செல்லுங்க."

அவருக்கு வேகம் அடங்கிவிட்டது. "கோவம் இல்ல மகள்" என்றார்.

"அப்ப கவலையா?"

"இல்ல..." என்று இழுத்தார். பொய் சொல்ல அந்தப் பிள்ளையின் கண் விடவில்லை போலிருக்கிறது. "வெக்கம்" என்றார்.

நப்லா அதைக் கொஞ்சம் யோசித்தாள். கிண்ணத்தை இன்னும் நீட்டியபடியே இருந்தாள்.

"ஆர நினைச்சு வெக்கம் மாமா? என்னையா, உங்களையா?"

அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். தங்கச்சியைப் பார்த்தார். ஹாஜறா ஒரு கதிரையை இழுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"செல்லுங்க காக்கா. புள்ள கேக்குதுதானே."